மே மாசத்துல என்ன இருக்கு?

ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் சொன்னார்: "கச்சேரி, டான்ஸ், கோயில், கலைன்னு சுத்தணும்னா டிசம்பர்ல லீவு போடணும்க்கா. மே மாசம் தமிழ்நாட்டுல என்ன இருக்கு? வெயில் இருக்கு. மாம்பழம் இருக்கு."

மாம்பழத்தைப் பத்தி எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. மத்ததுக்குத்தான் இந்தப் பதிவு.

(அவர் இதைப் படிக்க மாட்டார். படிச்சாலும் நாளைக்கு என் டப்பாலருந்து ஊறுகாய் எடுக்கத்தான் போறார்.)

எனக்குக் கடுப்பு வந்ததுக்குக் காரணம், அவர் சொன்னது அவரோட கருத்து மட்டும் இல்ல. ஊரே அப்படித்தான் நினைச்சுட்டு இருக்கு. டிக்கெட் எடுக்கிற ஆப்ல மே மாசம் "கலை நிகழ்ச்சிகள்"னு தேடிப் பாருங்க. ஸ்டாண்ட்-அப் காமெடி வரும். மண்பானையில பெயின்ட் அடிக்கிற வொர்க்‌ஷாப் வரும், ஒரு காபி இலவசம். அவ்வளவுதான். மிச்ச தமிழ்நாடு தூங்குதுன்னு அர்த்தம் போல.

மார்கழியை நான் திட்டல. மார்கழி எனக்கும் பிடிக்கும், கேன்டீன் உட்பட. ஆனா அந்த சீசனுக்கு வயசு என்னன்னு பாருங்க. 1927 டிசம்பர்ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோட சேர்த்து ஒரு இசை மாநாடும் வெச்சாங்க. அதுலருந்து பிறந்ததுதான் 1928ல மியூசிக் அகாடமி. அப்புறம் வரிசையா சபாக்கள். ஆக, நாம "ஆதிகாலத்து வழக்கம்"னு நினைக்கிற டிசம்பர் சீசனுக்கு இன்னும் நூறு வயசு கூட முழுசா ஆகல. நல்ல வழக்கம்தான். ஆனா நகரத்து வழக்கம்.

அதுக்கு ரொம்ப முன்னாடிலருந்தே இன்னொரு காலண்டர் ஓடிட்டு இருக்கு. அறுப்பு முடிஞ்சு, நிலம் காஞ்சு கிடக்கு, கையில கொஞ்சம் காசு இருக்கு, ராத்திரி வெளியில உட்கார முடியும், மழை வராது. கோயில் கொடி ஏறுறது அப்பத்தான். தெருக்கூத்து ஆடுறது அப்பத்தான். பங்குனியில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும். வெயில்னு நாம ஊட்டிக்கு ஓடுற அதே மாசங்கள்.

சரி, அப்போ சித்திரை, வைகாசியை நடுவுல வெச்சு ஒரு மாசம் போட்டா என்னன்னு உட்கார்ந்தேன். முழு மாசமும் லீவு எடுத்தேன்னு நினைச்சுடாதீங்க, நான் அம்பானி வீட்டுப் பொண்ணு இல்ல. கொஞ்சம் லீவு, சனி ஞாயிறு, மிச்சம் வீட்டுலருந்து வேலை. "வீடு"ங்கிறது கும்பகோணத்துல சித்தி வீடு. லேப்டாப்பைத் தூக்கிட்டு அங்கே போய் உட்கார்ந்துட்டேன்.

"ஏன்டி, உனக்கு மெட்ராஸ்ல ஏசி இல்லயா?" – சித்தி.

இருக்கு சித்தி. கூத்துதான் இல்ல.

•

திட்டம் போடுறதுல நான் கண்டுபிடிச்ச ஒரே விஷயம் இதுதான். முதல்ல எல்லாரும் பண்ற மாதிரி எக்ஸெல்ல கட்டம் போட்டேன். திங்கள் இசை, செவ்வாய் நாட்டியம், புதன் ஓவியம், வியாழன் நாடகம்னு. பார்க்க அழகா இருந்தது. பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி. ஒரு கட்டம் கூட நடக்கல. ஏன்னா திருவிழாவுக்கு உங்க வியாழக்கிழமை தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது நட்சத்திரமும் திதியும்.

அதனால கட்டத்தை அழிச்சுட்டு ரெண்டே பட்டியல் போட்டேன். ஒண்ணு, நகராதது. இன்னொண்ணு, நமக்காகக் காத்திருக்கிறது.

நகராதது: மதுரையில அழகர் ஆத்துல இறங்குறது, திருவையாத்துல ஏழூர்த் திருவிழா, ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில்ல படுகளம், மெலட்டூர்ல பாகவத மேளா நாடகம்.

காத்திருக்கிறது: தஞ்சாவூர் கலைக்கூடத்துச் சிலைகள், சிதம்பரம் கோபுரத்துக் கரணங்கள், சுவாமிமலை பட்டறை, நரசிங்கன்பேட்டை, புத்தகம், சினிமா. ஆயிரம் வருஷமா நிக்கிற சிலை அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் நிக்கும்.

நகராததை முதல்ல ஆணி அடிச்சு வெக்கணும். அதைச் சுத்தி இருக்கிற இடைவெளியில காத்திருக்கிறதைப் போடணும். நகராததுல பாதி ராத்திரி முழுக்க நடக்கிறது, அதனால மறுநாள் பக்கத்துல ஒண்ணுமே எழுதக் கூடாது. வெறும் கட்டம். அந்த நாள் தூங்குறதுக்கு. இதைச் சொன்னா "அப்போ மாசத்துல பாதி வீண்தானே"ன்னு என் ஃப்ரெண்ட் கேட்டா. ராத்திரி பார்த்தது உள்ளே இறங்க ஒரு பகல் வேணும்மா. உடனே அடுத்ததுக்கு ஓடினா ரெண்டும் கலந்து, பீமன் கையில நாதஸ்வரம் இருந்த மாதிரி ஞாபகம் இருக்கும்.

இதுல ஒரு சிக்கல் உண்டு, முன்கூட்டியே தெரிஞ்சுக்கோங்க. அழகர் ஆத்துல இறங்குறது சித்ரா பௌர்ணமிக்கு. மெலட்டூர் நாடகம் தொடங்குறது நரசிம்ம ஜயந்திக்கு, அதாவது வைசாக மாசத்து வளர்பிறை சதுர்த்தசி. முதலாவது சூரியக் கணக்குல வர்ற சித்திரைக்குள்ளே விழுற பௌர்ணமி. ரெண்டாவது சந்திரக் கணக்கு. 2024ல அழகர் ஏப்ரல் 23. மெலட்டூர் கிட்டத்தட்ட ஒரு மாசம் கழிச்சு. அருமையான இடைவெளி! 2025ல என்ன ஆச்சு தெரியுமா? சித்திரை பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒரு பௌர்ணமி வந்து போயிடுச்சு. அதனால சித்ரா பௌர்ணமி மே 12. நரசிம்ம ஜயந்தி மே 11. அடுத்தடுத்த நாள்! மெலட்டூர்ல விடிய விடிய உட்கார்ந்துட்டு மதுரைக்கு அழகரைப் பார்க்க ஓடுறது மனுஷங்களால ஆகாது. அப்படிப்பட்ட வருஷத்துல ஒண்ணை விட்டுடுங்க.

வீட்டுல தொங்குற தினசரி காலண்டர் போதும் இதுக்கெல்லாம். ஆப் வேண்டாம்.

•

அழகரைப் பத்தி நீட்டி முழக்க மாட்டேன். எல்லாருக்கும் தெரியும், டிவியில நேரடியா வருது. ஆனா டிவியில வராத ஒண்ணு இருக்கு. வர்ணிப்பு. அழகர் மலையிலருந்து புறப்பட்டு வர்ற கதையை அடி அடியாப் பாடுறது. திருவிழாக் கூட்டத்துல எங்கேயாவது ஒரு ஓரத்துல, பத்துப் பேர் சுத்தி நிக்க, ஒருத்தர் காதுல கையை வெச்சுக்கிட்டுப் பாடிட்டு இருப்பார். எல்லாரும் குதிரை வாகனத்தை போன்ல பிடிக்க முண்டியடிக்கும்போது, நீங்க அந்தப் பத்துப் பேரோட போய் நில்லுங்க. ஆத்துல இறங்குற காலையை விட, அன்னிக்கு அடுத்த ராத்திரி ராமராயர் மண்டபத்துல நடக்கிற தசாவதாரம் எனக்குப் பிடிக்கும். ஒரே சாமி, விடிய விடிய அலங்காரம் மாத்தி மாத்தி வந்து நிக்கும்.

கூட்டம்னா கூட்டம். செருப்பை பையில போட்டுக்கோங்க. அடுத்தது.

•

கூத்து. இங்கேதான் கொஞ்சம் உட்காரணும்.

தெருக்கூத்தைச் சென்னையிலயே பார்த்திருக்கேன். ஏதோ ஒரு அரங்கத்துல, ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி, முடிஞ்சதும் பொன்னாடை. அதைப் பார்த்துட்டு "கூத்து பார்த்தாச்சு"ன்னு நினைச்சுட்டு இருந்தவங்கள்ல நானும் உண்டு, நீங்களும் இருப்பீங்க. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்க. அங்கே கூத்து தனி நிகழ்ச்சி கிடையாது. ஊரே பல நாள் பாரதத்துக்குள்ளே குடியிருக்கும்.

பகல்ல பாரதப் பிரசங்கம். ஒருத்தர் வில்லிபாரதத்தைப் பாடி, விளக்கம் சொல்லி, நடுநடுவுல ஊர்க் கதையும் கலந்து விடுவார். பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து கேட்பாங்க. பகல்ல எந்தக் கதையைச் சொன்னாரோ, ராத்திரி அதைக் கூத்துக்காரங்க ஆடுவாங்க. எவ்வளவு நல்ல ஏற்பாடு! கதை முன்னாடியே தெரிஞ்சிடுது. அதனால "அடுத்து என்ன ஆகும்"ங்கிற கவலை இல்ல. "எப்படி ஆடப் போறான்"ங்கிறது மட்டும்தான்.

நான் போனபோது முதல்ல போய் உட்கார்ந்தது மேடைக்கு முன்னாடி இல்ல, வேஷம் கட்டுற இடத்துல. (கேட்டுட்டுத்தான். யாரும் ஒண்ணும் சொல்லல, ஒரு டீ வேற கொடுத்தாங்க.) ஒரு குண்டு பல்பு. தரையில பாய். ஒவ்வொருத்தரும் ஒரு கையில கண்ணாடித் துண்டு, இன்னொரு கையில குச்சி. தன் முகத்தைத் தானே எழுதிக்கிறாங்க. புருவத்துக்கு மேல சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியா வெச்சுட்டே ஒருத்தர் போன்ல பேசிட்டு இருந்தார், மகளோட காலேஜ் அட்மிஷன் விஷயம். புள்ளி ஒண்ணு கூட நகரல. அப்புறம் கட்டை. கிரீடம், புஜத்துல கட்டுறது, மார்புல கட்டுறது, எல்லாமே கல்யாண முருங்கை மரத்துல செஞ்சது, கண்ணாடிச் சில்லு பதிச்சது. அந்த மரம் எடை குறைவு, அதான். எடை குறைவுன்னு சொல்றாங்களே தவிர, அதையெல்லாம் கயித்தால இழுத்து இறுக்கிக் கட்டும்போது அந்த மனுஷன் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிச்சார். அப்படியே விடிய விடியச் சுத்தி ஆடணும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல கட்டியக்காரன் வருவான். அவன் பாரதத்துலயும் இருப்பான், பஞ்சாயத்துத் தேர்தல்லயும் இருப்பான். அப்புறம் ரெண்டு பேர் ஒரு திரையைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. திரைக்குப் பின்னாடி ராஜா. கிரீடத்தோட நுனி மட்டும் தெரியும், சலங்கை கேக்கும், பாட்டு வரும், ஆனா முகம் தெரியாது. ரொம்ப நேரம் காட்டவே மாட்டாங்க! முகவீணை கீச்சுன்னு உச்சத்துல நிக்கும்போது திரை விலகும். சினிமாவுல ஹீரோவுக்கு முதல்ல ஷூவைக் காட்டி, அப்புறம் முதுகைக் காட்டுவாங்களே, அந்த வித்தையெல்லாம் இங்கேருந்து போனதாத்தான் இருக்கணும்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஆதாரம் கேக்காதீங்க.

'அர்ஜுனன் தபசு' எந்த ஊர்ல வருதுன்னு விசாரிச்சு அதுக்குப் போங்க. நடுத்திடல்ல உயரமா ஒரு மரம் நட்டிருப்பாங்க, தபசு மரம். அர்ஜுனன் வேஷக்காரர் பாட்டுப் பாடிட்டே ஒவ்வொரு படியா ஏறுவார். மேலே போய்ச் சேர்ந்ததும் எலுமிச்சம்பழம், பூ, விபூதின்னு கீழே இறைப்பார். குழந்தை வேணும்னு வேண்டிக்கிட்டவங்க கீழே முந்தானையை ஏந்திட்டு நிப்பாங்க. அந்த நேரத்துல அவர் நடிகரா, அர்ஜுனனா, சாமியா? எனக்குத் தெரியல. கீழே நின்னவங்களுக்கு அந்தச் சந்தேகமே இல்ல.

மாமல்லபுரத்துல இருக்கிற பெரிய பாறைச் சிற்பத்தை அர்ஜுனன் தபசுன்னு ஒரு கட்சியும், பகீரதன் தபசுன்னு இன்னொரு கட்சியும் சொல்லும். தபசு மரத்தைப் பார்த்துட்டு வந்து அந்தப் பாறை முன்னாடி நின்னா, ஒத்தைக் கால்ல நிக்கிற அந்த எலும்புந் தோலுமான ஆளை ஒரு மாதிரி தெரிஞ்ச ஆளாத்தான் பார்க்க முடியுது. (பக்கத்துல தபசு பண்ற பூனையையும் பாருங்க. காலடியில எலி. அது எந்தக் கட்சியா இருந்தாலும் நம்ம கட்சி.)

கடைசியில படுகளம். பதினெட்டாம் போர் ஆடி முடிச்ச மறுநாள் பகல்ல. திடல்ல துரியோதனனை மண்ணால மல்லாக்கப் படுக்க வெச்சுப் பண்ணியிருப்பாங்க. மீசை, நகை, கலர் எல்லாம் போட்டு. தலைகிட்டருந்து கால்கிட்டப் போகணும்னா நடந்துதான் போகணும், அவ்வளவு பெருசு. நிஜ பீமனும் நிஜ துரியோதனனும், அதாவது வேஷக்காரங்க, அந்த மண் உடம்பைச் சுத்திச் சுத்தி ஓடுவாங்க. துரத்தல், வசனம், மறுபடி துரத்தல். கடைசியில தொடையில அடி. சிவப்பு வரும். திரௌபதி கூந்தல் முடிவாள். நேத்து ராத்திரி பூரா கட்டியக்காரன் ஜோக்குக்குச் சிரிச்ச அதே பொம்பளைங்க அப்போ அழுதாங்க. நானும்தான். சாயங்காலம் தீமிதி.

இதுக்கெல்லாம் தேதி எப்படித் தெரிஞ்சுக்கிறது? கூகுள்ல கிடைக்காது. செய்யாறு, வந்தவாசி மாதிரி ஊர் பஸ் ஸ்டாண்டுல இறங்கிச் சுவரைப் பாருங்க, போஸ்டர் இருக்கும். டீக்கடையில கேளுங்க. ஒரு கூத்து பார்த்தீங்கன்னா, அந்தக் குழுவோட வாத்தியார் நம்பரை வாங்கி வெச்சுக்கோங்க. "அடுத்து எங்கே ஆட்டம்?"னு ஒரு போன் போட்டா, அந்த மாசத்துக்கே ஊர்ப் பேரும் கதைப் பேரும் வரிசையாச் சொல்லிடுவார். எந்த ஆப்பும் இவ்வளவு துல்லியமா அப்டேட் பண்றது இல்ல.

பெண்கள் தனியாப் போலாமான்னு கேப்பீங்க. நான் ஃப்ரெண்டோட போனேன். முன்வரிசையில அம்மாக்களும் பாட்டிகளும் பாய் விரிச்சிருப்பாங்க, நடுவுல போய் உட்கார்ந்துட்டா அவங்களே போர்வை வரைக்கும் கொடுத்துடுவாங்க. பிரச்சினை ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற பாத்ரூம்தான். அதையும் பக்கத்துல இருக்கிற பாட்டிகிட்டத்தான் கேக்கணும். யாராவது ஒரு வீட்டைத் திறந்து விடுவாங்க. சாயங்காலமே சிநேகம் பிடிச்சு வெச்சுடுங்க.

கூவாகம் என் பட்டியல்ல இருந்தது. எடுத்துட்டேன். திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கிட்டு மறுநாள் அறுக்கிற இடம். அது அவங்க துக்கம், அவங்க வேண்டுதல். ஏற்கெனவே அங்கே கேமராக்காரங்க ஜாஸ்தி.

•

நடுநடுவுல இருக்கிற வெயில் பகல்களுக்கு வர்றேன்.

தஞ்சாவூர்ல எல்லாரும் பெரிய கோயிலுக்குப் போவாங்க. போங்க. 1010ல முடிஞ்ச கோயில், யாரு வேண்டாம்னா. ஆனா அங்கே இருக்கிற ரெண்டு பெரிய விஷயம் நம்ம கண்ணுக்குச் சாதாரணமாப் படாது. கருவறையைச் சுத்தியிருக்கிற உள்சுத்துல சோழர் ஓவியங்கள் (1931ல நாயக்கர் ஓவியத்துக்கு அடியிலருந்து கண்டுபிடிச்சது). அதுக்கு மேல்தளத்துல 81 நாட்டியக் கரணச் சிற்பங்கள், 108ல மிச்சத்துக்குக் கல் வெறுமனே நிக்குது. ரெண்டுக்கும் நம்மளை விட மாட்டாங்க. அதனால கரணம் பார்க்கணும்னா சிதம்பரத்துக்குப் போயிடுங்க. கோபுர வாசல்ல, ரெண்டு பக்கமும், மேலருந்து கீழ் வரைக்கும் 108ம் இருக்கு. கிழக்குக் கோபுரத்துல நாட்டிய சாஸ்திர சுலோகத்தையும் கூடவே வெட்டி வெச்சிருக்காங்க. டிக்கெட் இல்ல, கேட் இல்ல. ஜனங்க அதைத் தாண்டித்தான் அர்ச்சனைத் தட்டோட போயிட்டு இருக்காங்க. காலையில சீக்கிரம் போங்க, பத்து மணிக்கு மேல கல்லுல கால் வெச்சா நீங்களே நூத்தி ஒன்பதாவது கரணம் போடுவீங்க.

தஞ்சாவூர் அரண்மனைக்குள்ளே கலைக்கூடம். இதுக்கு நான் திரும்பத் திரும்பப் போனேன், அதுவும் ஒரே ஒரு சிலைக்காக. ரிஷபவாகன தேவர். திருவெண்காட்டுல மண்ணுக்கடியிலருந்து கிடைச்ச செம்பு விக்ரகம். காலம் 1011ஐ ஒட்டி, ராஜராஜன் கடைசி வருஷங்கள். சிவன் ஒரு காலைக் குறுக்கே போட்டு ஒய்யாரமா நிக்கிறார். ஜடை தலைப்பாகை மாதிரி சுத்தியிருக்கு. வலது முழங்கையை மடக்கி, கையைத் தளர விட்டிருக்கார், மாட்டு மேல சாஞ்சுக்கிட்டு.

மாடு இல்ல. காணாமப் போயிடுச்சு.

ஆனா அந்தக் கையைப் பாருங்க. விரல் தொங்குற விதம், மணிக்கட்டு வளையுற இடம், இடுப்பு ஒரு பக்கமா ஒதுங்கின அளவு. அத்தனையும் மாட்டோட உயரத்தை, முதுகோட சரிவைச் சொல்லுது. முதல் தடவை "அழகா இருக்கு"ன்னு நகர்ந்துட்டேன். அப்புறம் ஒரு தடவை போனபோது மாடு எங்கே நின்னிருக்கும்னு பார்த்தேன். கூத்தெல்லாம் பார்த்து முடிச்சுட்டுப் போனபோது வேற மாதிரி இருந்தது. அந்த இடுப்பை எங்கேயோ உயிரோட பார்த்திருக்கோமேன்னு. இதனாலதான் சொல்றேன், "ஒரு மாசத்துல எத்தனை மியூசியம்"னு கணக்கு வேண்டாம். ஒரு மியூசியம், ஒரு சிலை, நடுநடுவுல போய்ப் பார்த்துட்டு வாங்க. மத்ததையெல்லாம் பார்த்துட்டுப் போகப் போக நம்ம கண்ணு மாறும்.

சுவாமிமலையில பட்டறைக்குப் போனா இதோட பின்கதை தெரியும். தேன்மெழுகுல குங்கிலியம், எண்ணெய் கலந்து உருவம் பண்ணி, அது மேல காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியே எடுத்துட்டு, அந்த இடத்துல உலோகத்தை ஊத்துறாங்க. அப்புறம் அச்சை உடைக்கணும். ஒரு அச்சுக்கு ஒரே சிலை. அளவுக்கு ஸ்கேல் இல்ல, தென்னை ஓலையை மடிச்சு மடிச்சு வெச்சுக்கிறார் ஸ்தபதி. (கடைக்குள்ளே இழுத்துட்டுப் போய் பில் போடப் பார்க்கிற இடமும் உண்டு. ரெண்டு பட்டறை தள்ளிப் போங்க.)

நரசிங்கன்பேட்டையில நாதஸ்வரம் கடையறாங்க. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரம்தான் வேணும், புதுசு ஆகாது, வெடிச்சுடும். 2022ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஒரு உத்தரக்கட்டை, யாரோ தாத்தா காலத்து வீட்டைத் தாங்கிட்டு இருந்தது, கடைசல்ல சுத்திச் சுத்தி நாயனமா மாறுறதைப் பார்த்துட்டு, ஏழூர்த் திருவிழாவுக்குப் போங்க. சித்ரா பௌர்ணமியை ஒட்டி விசாகத்துல ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்குல ஏறி, திருவையாத்துலருந்து மத்த ஆறு ஊரையும் சுத்தி வருவார். பல்லக்குக்கு முன்னாடி நாயனமும் தவிலும். மைக் இல்லாம, வயல் நடுவுல, நடந்துட்டே கேக்கணும். சபாவுல ஸ்பீக்கர் வழியாக் கேக்கிற நாயனம் வேற, இது வேற. கூடவே நடந்தா வெயில்ல சுருண்டு விழுவோம்னு பயம் இருந்தா, திருவையாத்துலயே இருந்துட்டுத் திரும்பி வரும்போது பாருங்க. ஒரு பொம்மை சாமி மேல பூப் போடும். சித்தி என்னை அதுக்குத்தான் கூட்டிட்டுப் போனா. "கச்சேரியெல்லாம் உன்னோட, எனக்குப் பொம்மை"ன்னா.

சாயங்காலத்துக்கு தி. ஜானகிராமனோட 'மோகமுள்'. கும்பகோணத்துல உட்கார்ந்து அதைப் படிக்காம வேற எதைப் படிக்கிறது? சினிமாவுக்கு 'தில்லானா மோகனாம்பாள்', 1968. அதுல வாசிக்கிறது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சித்தி வீட்டு டிவியில சத்தத்தை ஏத்தி வெச்சுப் பார்த்தோம், எதிர்வீட்டு மாமா வந்து பாதியில சேர்ந்துக்கிட்டார்.

•

மெலட்டூர். தஞ்சாவூர் மாவட்டத்துல பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். வரதராஜப் பெருமாள் சன்னிதித் தெருவுல, சாமியைப் பார்த்த மாதிரி மேடை. நரசிம்ம ஜயந்தி அன்னிக்கு 'பிரகலாத சரித்திரம்'. எழுதினது இந்த ஊர்க்காரர் வெங்கடராம சாஸ்திரி, தெலுங்குல. ஆடுறவங்க எல்லாருமே ஆண்கள். பிரகலாதனோட அம்மா லீலாவதி உட்பட.

நேர்மையாச் சொல்றேன், முதல் ரெண்டு மணி நேரம் எனக்குப் பொறுமை சோதனைதான். தெலுங்கு புரியல. ஒவ்வொரு பாத்திரமும் நுழையறதுக்கே ஒரு யுகம். ஏன் பொம்பளை வேஷத்துக்கு ஒரு பொம்பளை கூடாதுன்னு மனசுக்குள்ளே ஒரு பட்டிமன்றம் வேற. (அது இன்னும் முடியல. நடுவர் தீர்ப்பு நிலுவையில்.) ஆனா பிள்ளைக்கு விஷம் கொடுக்கச் சொல்லும்போது அந்த லீலாவதி, மீசையை மழிச்ச ஒரு நடுவயசு மனுஷன், தாங்க முடியாம அழுதப்போ பட்டிமன்றத்தை ஒத்தி வெச்சுட்டேன்.

விடியக் காலையில தூண் பிளக்கும். நரசிம்மர் முகமூடியைச் சும்மா ஒரு பொருளா வெச்சிருக்க மாட்டாங்க, அதுக்குப் பூஜை உண்டு. போட்டுக்கிறவர் விரதம் இருப்பார். ஹிரண்யனும் அவரும் எதிரெதிரே நின்னு வாதம் பண்ணும்போது நரசிம்மரைப் பின்னாலருந்து ரெண்டு மூணு பேர் பிடிச்சு இழுத்துட்டே இருப்பாங்க. நடிப்புக்காகப் பிடிக்கிறாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். பிடிச்சவங்க முகத்தைப் பார்த்தப்புறம் அப்படித் தோணல. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போனவங்க இதைப் பார்த்திருக்க மாட்டாங்க. போகாதீங்க. தூக்கம் வந்தா அங்கேயே சாஞ்சு தூங்குங்க, நல்ல இடம் வரும்போது பக்கத்துல இருக்கிறவங்க எழுப்பி விட்டுடுவாங்க.

செலவு? கூத்து, படுகளம், அழகர், ஏழூர், சிதம்பரம் எதுக்குமே டிக்கெட் கிடையாது. ரயில், பஸ், டீ, மோர். கூத்துல தட்டு வரும்போது நல்லாப் போடுங்க, சபாவுல ஒரு டிக்கெட்டுக்குக் கொடுக்கிறதையாவது போடுங்க. விடிய விடிய ஆடியிருக்காங்க.

"எல்லாம் சரிக்கா, எனக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும்"னு சொல்றவங்களுக்கு: படுகளத்துக்குப் போங்க. பகல்ல நடக்கிறது. சென்னையிலருந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சா போய்ச் சேர்ந்துடலாம், தீமிதியும் பார்த்துட்டு ராத்திரி கடைசி பஸ்ல ஏறிடலாம். மேனேஜர்கிட்ட "ஊர்ல திருவிழா"ன்னு சொல்லுங்க. எந்த ஊர்னு இது வரைக்கும் எந்த மேனேஜரும் கேட்டதில்ல.